மூட்டமும் மேக்னட்ரானும்

விறகைக் காற்றுப் படாமல் சூடேற்றினால் மூன்று பொருள் கிடைக்கும். ஒன்று கரி. இன்னொன்று, குளிர்ந்தால் பழுப்புத் திரவமாக இறங்கும் ஆவி. மூன்றாவது, சாதாரணமாகக் குளிரவைத்தாலும் வாயுவாகவே நிற்பது. கரிமூட்டம் போடுகிறவர் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் புகையாக வானத்துக்கு விட்டுவிடுகிறார். நுண்ணலையால் விறகைச் சூடேற்றும் ஆய்வாளர் இரண்டாவதைத் தேடிப் போகிறார்; அத்திரவத்தை எண்ணெய் என்பார். கரி அவருக்கு உலையின் அடியில் தங்கும் மிச்சம். வினை ஒன்று, விருப்பம் இரண்டு. இந்த இரண்டையும் அருகருகே வைத்து எடைபோட ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை வட்டாரம் நல்ல இடம்.

மலைக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் நொய்யல் கரையில் கொடுமணல். 1980களில் தொடங்கிப் பலமுறை நடந்த அகழாய்வுகள் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்பு உலைகளை அங்கே வெளிக்கொணர்ந்தன. பேராசிரியர் கா. ராஜன் அந்த ஆய்வுகளோடு நெடுங்காலம் தொடர்புடையவர். இரும்புக் கல்லை உருக்கப் பச்சை விறகு உதவாது, கரிதான் வேண்டும். அப்படியானால் இந்தச் சுற்றுப்புறத்தில் மரத்தை மூடிச் சுடும் தொழிலுக்கும் அதே வயது இருக்க வேண்டும். தெற்கே காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் அத்தொழில் இன்றும் நடக்கிறது. மரத்துக்குப் பதிலாகத் தேங்காய்த் தொட்டி சுடப்படுகிறது, அவ்வளவுதான் மாற்றம். அந்தத் தொட்டிக்கரி ஆலைகளுக்குப் போய், நீராவியில் மறுபடி வெந்து, செயலூட்டிய கரியாக வெளிநாடு வரை செல்கிறது. இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அடுக்கித் தழையும் மண்ணும் போட்டு மூடும் மூட்டமும், கொங்கு நாட்டின் தொட்டிக்கரிக் குழியும் ஒரே குடும்பம்தான். இரண்டையும் சேர்த்தே இங்கு மூட்டம் என்கிறேன்.

மறுபக்கத்தில் நிற்பது ஆய்வகம். சென்னை ஐஐடியின் வேதிப்பொறியியல் துறையில் ஆர். வினுவும் அவருடைய மாணவர்களும் பத்தாண்டுக்கு மேலாக நுண்ணலை வெப்பச்சிதைவைப் பற்றி எழுதி வருகிறார்கள். 2018-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று நிலக்கடலைத் தொலி, கரும்புச் சக்கை, உமி, மரத்தூள் ஆகியவற்றோடு சீமைக்கருவேலத்தையும் எடுத்துக்கொண்டது. தென்மாவட்டத்தில் மூட்டத்துக்குள் போகும் அதே முள்மரம், சென்னையில் நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான் முன்னால் வைக்கப்பட்டது. நம்முடைய ஒப்பீட்டுக்கு இதைவிட நேரான பாலம் கிடைக்காது.

இருவரும் கையாளும் சூட்டின் திசையிலிருந்து தொடங்கலாம். மூட்டத்தில் சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. அடுக்கியதில் ஒரு பகுதி எரிந்து, அந்தத் தணலில் மிச்சம் வேகிறது. ஒவ்வொரு கட்டையிலும் மேல்தோல் முதலில் கரியாகிறது, நடுத்தண்டு கடைசியில் கரியாகிறது. நுண்ணலை உலையில் இது தலைகீழ். வினாடிக்கு 245 கோடி முறை அதிரும் மின்புலம் கட்டைக்குள் புகுந்து, உள்ளிருக்கும் நீர் மூலக்கூறுகளை உலுக்குகிறது, உராய்வு சூடாகிறது. வெளிப்பரப்பு தன் சூட்டைச் சுற்றியுள்ள வாயுவிடம் இழக்கிறது. நடுப்பகுதிக்கு இழக்க வழியில்லை. 2004-இல் ஜப்பானில் மியூராவும் அவருடைய குழுவினரும் மரக்கட்டைகளை அப்படியே நுண்ணலையில் வைத்துச் சுட்டு வெளியிட்ட ஆய்வில், கரியாதல் உள்ளிருந்து வெளியே பரவுவதைக் காட்டினார்கள்.

திசை மாறினால் விளைபொருளும் மாறுகிறது என்பதுதான் இதில் அழகு. மூட்டத்துக் கட்டையின் உள்ளே பிறக்கும் ஆவி, வெளியே வர வேண்டுமானால் ஏற்கெனவே செந்தணலாகிவிட்ட கரித்தோலைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது அது மேலும் உடைகிறது. ஒரு பங்கு அங்கேயே கரியாகப் படிகிறது. நுண்ணலையில் பிறக்கும் ஆவி சூடான நடுவிலிருந்து குளிர்ந்த புறத்துக்கு வருகிறது. ஆகவே உடையாமல் தப்பித்துத் திரவமாகிறது. மூட்டம் கரியை விரும்புவதும் நுண்ணலை எண்ணெயை விரும்புவதும் மனிதர் தேர்ந்த நோக்கம் மட்டுமன்று. அந்தந்த அடுப்பின் வடிவமே அந்தந்தப் பொருளின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஈரத்தைப் பற்றி இருவரும் எதிரெதிராக நினைக்கிறார்கள். மூட்டக்காரர் விறகை வெயிலில் வாரக்கணக்கில் காயவிடுவார். ஈரம் இருந்தால் அதை விரட்டவே தணல் செலவாகும். நுண்ணலைக்கு ஈரம் முதல் கைப்பிடி. முற்றிலும் காய்ந்த மரம் அலையை ஏறக்குறைய அப்படியே தன்னூடாகப் போகவிடும், சூடாகாது. ஆனால் கட்டையின் பருமனைப் பற்றி இருவருக்கும் ஒரே மனம். எண்ணெய்க்காகவே உருவான வேகவெப்பச்சிதைவு உலைகள் மரத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் துகளாக அரைத்துத் தரச்சொல்லும். அரவைச் செலவே தொழிலைத் தின்றுவிடும். மூட்டம் கட்டையை முழுசாக ஏற்கும். நுண்ணலையும், அலை ஊடுருவும் சில சென்டிமீட்டர் எல்லைக்குள், துண்டை ஏற்கும். மிகப் பழையதும் மிகப் புதியதும் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்து, இடைப்பட்ட தலைமுறையை விலக்கி நிற்கின்றன.

இனி, என்னை இந்த ஒப்பீட்டுக்கு இழுத்துவந்த உறவுக்கு வருகிறேன். ஈரம் ஆவியாகிப் போனதும் நுண்ணலை உலை தடுமாறுகிறது. நூறு டிகிரிக்குச் சற்று மேலே மரம் பல நேரம் நின்றுவிடும். சிதைவுக்கு முந்நூறு, நானூறு, ஐந்நூறு டிகிரி வேண்டும். செல்லுலோஸுக்கும் லிக்னினுக்கும் அலையைப் பிடித்து நிறுத்தும் வல்லமை குறைவு. அலையைப் பசியோடு விழுங்கும் ஒரு பொருளை மரத்தோடு கலந்து வைத்தால் மேலே ஏறுவது எளிது. அந்தப் பொருள் பெரும்பாலும் கார்பன். ஆய்வகங்களில் கிராஃபைட்டையும், சிலிக்கன் கார்பைடையும், செயலூட்டிய கரியையும் கலக்கிறார்கள். கரித்துகளில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் மின்புலத்தோடு ஓட முயன்று, ஓட வழியின்றித் தம் ஆற்றலைச் சூடாகக் கொட்டுகின்றன. அந்தச் சூடு பக்கத்து மரத்துகளைச் சிதைக்கிறது. சிதைந்த மரத்துகள் தானும் கரியாகி, அடுத்ததைச் சூடேற்றுகிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் உலை தனக்குத் தேவையான கரியைத் தானே செய்துகொள்ளும். தொடங்கி வைக்க ஒரு பிடி கரி வெளியிலிருந்து வந்தால் போதும்.

வாசகர் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். நுண்ணலை உலை எதை மிச்சம் என்று ஒதுக்குகிறதோ, அதில்லாமல் அது பற்றிக்கொள்வது கடினம். அலையை உறிஞ்சுவதில் முன்வரிசையில் நிற்கும் கார்பன்களில் ஒன்று செயலூட்டிய கரி. அதைச் செய்யும் மூலப்பொருள்களில் தலையாயது தேங்காய்த் தொட்டி. அந்தத் தொட்டி சுடப்படும் களங்களோ சென்னிமலையிலிருந்து அரைமணி நேரப் பயணம். ஆய்வகத்தின் புதிய அடுப்புக்கு நெருப்புக்கோல் எங்கள் காட்டுக் குழியிலிருந்தே போகலாம்.

உறவு அங்கே முடியவில்லை. இரண்டு அடுப்புக்கும் ஒரே குருட்டுத்தன்மை உண்டு. மூட்டத்தின் உள்ளே எவ்வளவு சூடு என்று யாருக்கும் தெரியாது. புகையின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். முதலில் நீராவி கலந்த கனத்த வெண்புகை, பிறகு மரம் சிதையும்போது மஞ்சள் சாயல், கடைசியில் மெல்லிய நீலம். நீலம் வந்தால் காற்றுத் துளைகளை அடைத்துவிடுவார்கள். அளக்கும் கருவிகள் நிறைந்த நுண்ணலை உலையிலும் சூட்டை அறிவது எளிதன்று. வழக்கமான உலோக வெப்பமானியை நுழைத்தால் அது மின்புலத்தைக் குலைக்கும், சில சமயம் பொறி பறக்கும். அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பைத்தான் காணும். சூடோ நடுவில் இருக்கிறது. ஆகவே ஆய்வாளரும் குளிர்கலத்தில் எது சொட்டுகிறது என்று பார்க்க நேர்கிறது. முதலில் தெளிந்த நீர், பின் புளிப்பேறிய பழுப்பு, பின் தார். மூட்டக்காரர் புகையில் படித்த அதே மூன்று பத்தியை இவர் குடுவையில் படிக்கிறார்.

அபாயமும் ஒன்றேதான். மூட்டத்தின் மண்மூடி எங்காவது பிளந்தால் காற்றுப் புகுந்து, அந்த இடம் எரிந்து, மேலும் பிளந்து, விடிவதற்குள் பாதி சாம்பலாகும். அதனால்தான் இரவுக்காவல். நுண்ணலையில் ஓரிடம் முந்திக் கரியானால் அது மற்ற இடத்தைவிட அதிக அலையை இழுக்கும். இழுக்க இழுக்கச் சூடேறி, சூடேற ஏற மேலும் இழுக்கும். பக்கத்தில் பச்சையாக மரம் கிடக்கையில் ஓரிடம் மட்டும் வெந்தணலாகும். இரண்டிலும் கேடு சமமின்மையில் பிறக்கிறது. ஒன்றில் மண்ணை அள்ளிப் போட்டு அடக்குகிறார்கள். மற்றதில் கலக்கும் துடுப்பும் சுழலும் தட்டும் அடக்குகின்றன.

இரண்டின் வரலாற்றையும் ஒரே காலத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு வியப்பு. இரண்டாம் உலகப் போர், ரேடாருக்காக மேக்னட்ரானை ஆயிரக்கணக்கில் செய்ய வைத்தது. ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் அதை உணவைச் சூடேற்றப் பயன்படுத்தக் காப்புரிமை கேட்டது 1945-இல். அதே போர் பெட்ரோலைப் பங்கீட்டுப் பொருளாக்கி, தமிழ்நாட்டுச் சாலைகளில் பின்புறம் கரி உலை கட்டிய பஸ்களை ஓடவைத்தது. எந்தப் பஞ்சம் கரியை வண்டிக்கு எரிபொருளாக்கியதோ, அந்தப் பஞ்சத்தை உண்டாக்கிய போர்தான், கரிக்குப் பதில் எண்ணெய் எடுக்கப் பின்னாளில் உதவும் கருவியையும் பெருக்கிவிட்டது.

மரத்திலிருந்து திரவம் எடுக்கும் எண்ணமும் நுண்ணலையோடு பிறந்ததில்லை. பொறியாளர் விசுவேசுவரய்யா பொறுப்பில் வளர்ந்து 1923-இல் உற்பத்தி தொடங்கிய பத்ராவதி மைசூர் இரும்பு ஆலை, இரும்பு உருக்கக் காட்டு மரத்தைக் கரியாக்கியது. அதோடு நிற்காமல் மரத்தை மூடிய கலங்களில் சுட்டு, புகையைக் குளிர்வித்து, மரச்சாராயமான மெத்தனாலையும் அசெட்டிக் அமிலத்தின் உப்பையும் தாரையும் எடுத்தது. கரியும் திரவமும் இரண்டுமே வேண்டும் என்று நினைத்த அந்த ஆலையை, மூட்டத்துக்கும் மேக்னட்ரானுக்கும் இடையில் நின்ற பெரியப்பா என்று சொல்லலாம். அதே 1923-இல் ஜெர்மனியின் லாய்னாவில் பி.ஏ.எஸ்.எஃப் (BASF) நிறுவனம் வாயுக்களிலிருந்து மெத்தனாலைச் செயற்கையாகச் செய்யத் தொடங்கிவிட்டது. மரத்துத் திரவத்தின் சந்தை உலகெங்கும் அதன்பின் சுருங்கிப்போனது. மரம் தோற்றது வேதியியலில் இல்லை, விலையில். நுண்ணலைக்கும் இதே தேர்வுத்தாள்தான் காத்திருக்கிறது.

அந்தத் தாளை நாமே எழுதிப் பார்ப்போம். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 18 மெகாஜூல் ஆற்றல் உண்டு. மின்கணக்கில் சொன்னால் 5 யூனிட். நன்றாகச் சுட்ட மூட்டத்தில் கால் கிலோ கரி கிடைக்கும். கரிக்குக் கிலோவுக்கு 30 மெகாஜூல் என்றால், கையில் நிற்பது 7.5 மெகாஜூல், ஏறக்குறைய 2 யூனிட். நுண்ணலையில் ஒரு கிலோவுக்கு 400 கிராம் திரவம் என்று வைப்போம். நல்ல சோதனைகள் தரும் அளவு இது. அத்திரவத்தில் கிலோவுக்கு 17 மெகாஜூல்தான் இருக்கும், டீசலில் பாதிக்கும் குறைவு. பெருக்கினால் 6.8 மெகாஜூல். அதாவது 1.9 யூனிட். எவ்வளவு வேறான இரண்டு பாதை, எவ்வளவு அருகில் வந்து முடிகின்றன! ஒன்று கறுப்புத் திடமாகவும் மற்றது பழுப்புத் திரவமாகவும், விறகின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கையே காப்பாற்றுகின்றன.

சமம் என்று அங்கே முடித்துவிட முடியாது. நுண்ணலையில் எண்ணெய்க்கு மேல் கரியும் எரியக்கூடிய வாயுவும் கிடைக்கின்றன. மூட்டம் மிச்சத்தை வீணாக்குகிறது. ஆனால் மூட்டம் மின்சாரம் கேட்பதில்லை. விறகைச் சிதைக்கக் கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மெகாஜூல் சூடு வேண்டும். வீட்டு நுண்ணலை அடுப்பின் அலைநீளத்தில் இயங்கும் மேக்னட்ரான் வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கையே அலையாக்கும். ஆக ஏறக்குறைய 0.4 யூனிட்டிலிருந்து 0.8 யூனிட் வரை ஒவ்வொரு கிலோவுக்கும் செலவு. சிறிய உலையில் இது இன்னும் கூடும். எண்ணெயாக வரும் 1.9 யூனிட்டில் இதைக் கழித்துப் பார்த்தால் உற்சாகம் அடங்கும்.

எண்ணெய் என்ற பெயரும் மிகையானதுதான். அத்திரவத்தில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பங்கு நீர். வினிகருக்கு நிகரான புளிப்பு; சாதாரண இரும்பை அரிக்கும். டீசலோடு கலக்காது. சில மாதம் வைத்தால் கெட்டிப்படும். மரத்திலிருந்த ஆக்சிஜன் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருப்பதே காரணம். சென்னை ஆய்வில் விறகோடு பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகிய பிளாஸ்டிக்குகளைச் சேர்த்துச் சுட்டது இதற்காகத்தான்: பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் அதிகம், ஆக்சிஜன் இல்லை; இரண்டும் சேர்ந்து சிதையும்போது எண்ணெயின் தரம் உயர்கிறது. கரியில் இந்தத் தொல்லை இல்லை. ஆக்சிஜனில் பெரும்பங்கைப் புகையோடு அனுப்பிவிட்டுப் பெரும்பாலும் கார்பனாக அது நிற்கிறது. பத்தாண்டு சாக்கில் கிடந்தாலும் கரி கரியாகவே இருக்கும்.

காற்றின் விஷயத்தில் இரண்டும் மிகத் தொலைவில் போய் நிற்கின்றன. ஆடிக்காற்று கரி சுடுகிறவருக்குப் பகை. மூடியின் சிறு வெடிப்பையும் அது தேடிப் புகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அதே காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது; பருவம் உச்சத்தில் இருக்கையில் மின்கட்டமைப்பு ஏற்க முடியாமல் காற்றாலையை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. நுண்ணலை உலையை ஒரு நொடியில் இயக்கலாம், ஒரு நொடியில் நிறுத்தலாம். மூட்டத்தைப் பற்றவைத்தால் அது முடியும்வரை நாம்தான் அதற்குப் பணிய வேண்டும். மிஞ்சும் காற்று மின்சாரத்தை ஆனி, ஆடியில் விழுங்கி, மற்ற மாதம் ஓய்ந்திருக்கும் தொழில் ஒன்று வேண்டுமென்றால், அதற்கு ஏற்றது மேக்னட்ரான்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் சென்னிமலையில் எந்தத் தொழிலையும் எடைபோடக் கூடாது. நொய்யல் மீதுள்ள ஒரத்துப்பாளையம் அணை நமக்கு அருகில்தான் இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் சாயக்கழிவின் தேக்கமானது. 2011 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தொட்டிக்கரி சுடும் களங்களைச் சுற்றியும் கிணற்று நீர் நிறம் மாறுகிறது என்று ஊரார் முறையிட்டுப் போராடியிருக்கிறார்கள். மூட்டம் தன் நஞ்சைக் காற்றில் விடுகிறது. கரியை நீரூற்றி அணைத்தால் மண்ணிலும் விடுகிறது. நுண்ணலை காற்றைக் காப்பாற்றி, அதே ஃபீனாலையும் அமிலத்தையும் ஒரு கலத்தில் சேர்த்து வைக்கிறது. சேர்ந்தது விலைபோனால் சரக்கு. விலைபோகாவிட்டால் அது கழிவு, அதுவும் புகையைவிட அடர்ந்த கழிவு. இந்தப் புள்ளியில் புதியதே பழையதைவிடக் கவலைக்குரியது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. சென்னிமலைப் பெட்ஷீட்டுக்குச் சாயமேற்றும் பட்டறையில் விறகு பாய்லர் இருக்கும்வரை, அந்த விறகை எண்ணெயாக்கி அதே பாய்லரில் எரிப்பது வீண். பாய்லர் விறகின் ஆற்றலில் பெரும்பங்கை நேராக நீராவியாக்கிவிடும். வண்டிக்கு டீசல் தருவதிலும் நுண்ணலை இன்னும் தொலைவில் நிற்கிறது. ஆனால் மூட்டத்தின் பக்கத்தில், மூட்டத்துக்குத் துணையாக வைத்தால் அதற்கு இங்கே இடமுண்டு. தொட்டிக்கரியைத் தொடக்கப் பொருளாக வாங்கி, சீமைக்கருவேலத்தையும் தென்னை மட்டையையும் சிதைத்து, கரியைச் செயலூட்டும் ஆலைக்கும் திரவத்தைப் பிசின் செய்வோருக்கும் தரும் ஒரு சிறு நிலையத்தைப் பெருந்துறையிலோ காங்கேயத்திலோ முயன்று பார்க்கலாம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: இன்று எரியும் தொட்டிக்கரிக் களங்களில் மூடிய கலமும் புகையைக் குளிர்விக்கும் குழாயும் பொருத்துவது. பத்ராவதி நூறு ஆண்டுக்கு முன் செய்த வேலைதான் அது. அதற்கு மேக்னட்ரான் தேவையில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஈரோடு, திருப்பூர் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளும் தங்கள் மாணவர்களை முதலில் அந்தக் களங்களுக்கு அனுப்பட்டும். களம் நடத்துவோரும் வாசலைத் திறந்துவிடட்டும்.